137 கிலோஹெர்ட்ஸில் கோடு நேராக நிற்க எதற்குக் காசு செலவழிக்கலாம்?

போன மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறார், ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வுக்கும் தயாராகிக்கொண்டிருக்கிறார். 137 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய 2200 மீட்டர் பட்டையைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. கம்ப்யூட்டரில் செருகிக் கேட்கும் குட்டி ரிசீவரான டாங்கிளையும், கீழ் அதிர்வெண்ணை அது கேட்கும் உயரத்துக்குத் தூக்கித் தரும் அப்கன்வெர்ட்டரையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மேசைமேல் வைத்து இயக்கினோம். சிக்னல்களை மேலிருந்து கீழே ஓடும் படமாகக் காட்டும் வாட்டர்ஃபாலில், 137.000 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. புழுக்கம் தாங்காமல் எழுந்து ஃபேனைப் போட்டேன். அரை நிமிடத்தில் கோடு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. பத்து ஹெர்ட்ஸ், இருபது, நாற்பது.

“அண்ணா, கோடு இன்னா இப்டி ஓடுது?” என்றார்.

அந்தக் கோடு ஒரு ஜிபிஎஸ் மாட்யூலிலிருந்து வந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள்களில் இருக்கும் அணுக் கடிகாரங்களைப் பின்பற்றி நடப்பது அது. ஓடுவதற்கு வழியே இல்லை. ஓடியது எங்கள் ரிசீவர். விசிறிக் காற்று பட்டதும் சூடாக இருந்த ஆஸிலேட்டர், அதாவது ரிசீவரின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் கடிகாரம், கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். அப்போது அவர் கேட்டார்: “நல்ல டிசிஎக்ஸ்ஓ போட்டுக்கட்டுமா, ஓசிஎக்ஸ்ஓ வாங்கட்டுமா, இல்ல நேரா ஜிபிஎஸ்டிஓவே வாங்கிடட்டுமா?” மூன்றும் நிலையாக நிற்கும் ஆஸிலேட்டர் வகைகள், ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இப்போது முழுதாக எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இந்தப் பட்டைகளைக் கேட்க நினைக்கும் வேறு சிலருக்கும் உதவலாம்.

எவ்வளவு நேராக நின்றால் போதும்?

எதற்காக என்று தெரியாமல் துல்லியத்தை விலைக்கு வாங்கினால் காசுதான் கரையும். 2007-ல் நடந்த உலக வானொலி மாநாட்டில் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு ஒதுக்கினார்கள். 2012 மாநாட்டில் 472 முதல் 479 வரை கிடைத்தது. இரண்டிலும் ஆன்டெனாவிலிருந்து கதிராக வெளியேறும் திறன் ஏறக்குறைய 1 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 472-ல் மட்டும் சில நாடுகளுக்கு 5 வாட் வரை சலுகை உண்டு. அலைநீளம் 2200 மீட்டர் என்றால் நம் மொட்டை மாடிக் கம்பி அதற்கு முன் ஒரு குண்டூசி மாதிரி. அனுப்புகிறவருக்கும் இதே கதைதான். அதனால் வந்து சேரும் சிக்னல் இரைச்சலுக்கு அடியில் வெகு ஆழத்தில் கிடக்கும். அதைத் தோண்டி எடுக்க வேண்டுமானால் மெதுவாக அனுப்பி, குறுகிய அகலத்தில் நீண்ட நேரம் கேட்க வேண்டும். அந்த நீண்ட நேரமும் ரிசீவர் அசையாமல் இருந்தாக வேண்டும்.

எந்த முறையைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தத் தேவை வெகுவாக மாறும். பல்சர் ஆய்வுக்காக 1993-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட விஸ்பர் (WSPR) என்ற டிஜிட்டல் முறையில் ஒரு தகவல் 110.6 நொடி ஓடும், அகலம் சுமார் 6 ஹெர்ட்ஸ். அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் சீராக நகர்ந்தாலும் மென்பொருள் பிடித்துவிடும். 2021-ல் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் 2.3 பதிப்போடு வந்த எஃப்எஸ்டி4டபிள்யூ என்ற முறையின் வகைகளில் மிக நீளமானது 1800 நொடி, அதாவது அரை மணி நேரம் ஓடுவது. அதில் பக்கத்துப் பக்கத்துத் தொனிகளுக்கு இடையே இருக்கும் தூரம் 0.089 ஹெர்ட்ஸ்தான். இதே வகையில் இரண்டு நிமிடம் ஓடுவதை ஒப்பிட்டால் சுமார் 12 டெசிபல் கூடுதல் உணர்திறன். பதினாறில் ஒரு பங்கு திறன் இருந்தாலும் படித்துவிடும் என்று அர்த்தம். அதற்கு ஈடாக, அந்த அரை மணி நேரம் ஒரு தொனி அகலத்துக்குமேல் நகரக் கூடாது.

இதைக் கணக்காகப் போட்டால் 0.089 ஹெர்ட்ஸ் என்பது 137 கிலோஹெர்ட்ஸில் 0.65 பிபிஎம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுவே 475 கிலோஹெர்ட்ஸில் 0.19 பிபிஎம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈபிநாட் (EbNaut) போன்ற முறைகள் தனி ரகம். அவை அதிர்வெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, அலையின் கட்டத்தையே (ஃபேஸ்) பிடித்துக்கொண்டு போகின்றன. 137 கிலோஹெர்ட்ஸில் அரை மணி நேரத்தில் கால் சுற்றுக்குமேல் பிசகக் கூடாது என்று வைத்தால் நூறு கோடியில் ஒரு பங்கு துல்லியம் வேண்டும். அங்கே ஜிபிஎஸ் அல்லது ருபீடியம் அணுக் கடிகாரம் தவிர வேறு வழி கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கம்ப்யூட்டரின் நேரம் ஒரு நொடிக்குள் சரியாக இருப்பது வேறு, ரிசீவரின் அதிர்வெண் நிலையாக இருப்பது வேறு. முதலாவதை இணையத்திலிருந்து நேரம் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அது இரண்டாவதைத் துளியும் தொடாது.

பிசகு எங்கிருந்து வருகிறது?

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் விலை உயர்ந்த ஆஸிலேட்டர் வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

137 கிலோஹெர்ட்ஸ் மிகச் சின்ன அதிர்வெண். அதில் 1 பிபிஎம் பிசகு என்றால் 0.137 ஹெர்ட்ஸ்தான். இது இயற்கை நமக்குத் தந்த சலுகை. ஆனால் அந்தத் தம்பியின் அப்கன்வெர்ட்டர் என்ன செய்கிறது? 137 கிலோஹெர்ட்ஸைத் தூக்கி 125 மெகாஹெர்ட்ஸின்மேல் உட்கார வைக்கிறது. இப்போது 125 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் 1 பிபிஎம் நகர்ந்தால் சிக்னல் 125 ஹெர்ட்ஸ் நகரும். டாங்கிளும் 125 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் டியூன் ஆகியிருப்பதால், அதன் கிரிஸ்டல் நகர்ந்தால் அதுவும் அதே அளவு தள்ளிவிடும். ஆக சிக்னலுக்கு 0.137 ஹெர்ட்ஸ் பிசகவேண்டிய இடத்தில் தொள்ளாயிரம் மடங்கு பிசகுகிறது. ஃபேன் போட்டதும் நாற்பது ஹெர்ட்ஸ் ஓடியதற்கு மூன்றில் ஒரு பிபிஎம் நகர்வே போதும். கிரிஸ்டல் அப்படி ஒன்றும் மோசமாக நடந்துகொள்ளவில்லை. நாம் அதை வைத்திருக்கும் இடம் தப்பு.

இதற்கு நேர்மாறானது, ரிசீவரில் இருக்கும் எல்லா ஆஸிலேட்டர்களும் ஒரே கிரிஸ்டலிலிருந்து பிறக்கும் அமைப்பு. உயரத் தூக்குவதும் கீழே இறக்குவதும் ஒரே கடிகாரத்தால் நடந்தால், தூக்கும்போது விழுந்த பிசகு இறக்கும்போது கழிந்துவிடும். மிஞ்சுவது 137 கிலோஹெர்ட்ஸுக்கு உரிய பிசகு மட்டும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 டாங்கிளின் உள்ளேயே ஒரு அப்கன்வெர்ட்டர் இருக்கிறது. அது டாங்கிளின் 28.8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தையே பயன்படுத்துவதால் தனி அப்கன்வெர்ட்டருக்கு இருக்கும் இந்த நோய் அதற்கு இல்லை. வி3 டாங்கிளை டைரக்ட் சாம்பிளிங்கில், அதாவது சிக்னலைத் தூக்காமல் நேராக எண்களாக மாற்றும் முறையில், போட்டாலும் இதே பலன். இரண்டுமே இவ்வளவு கீழ்ப் பட்டைக்கென்று செய்தவை அல்ல, அதனால் உணர்திறன் சுமார்தான்; சென்னை, பெங்களூரு மீடியம் வேவ் நிலையங்கள் உள்ளே புகுந்து அடைக்காமல் இருக்க முன்னால் கீழ் அதிர்வெண்களை மட்டும் உள்ளே விடும் ஒரு லோபாஸ் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். ஆனாலும் கோடு நேராக நிற்கும்.

பழைய டிரான்ஸ்சீவர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் முதல் ஆஸிலேட்டருக்கு ஒரு கிரிஸ்டல், இரண்டாவதற்கு இன்னொன்று, கடைசியில் சிக்னலை ஒலியாக்கும் பிஎஃப்ஓவுக்கு வேறொன்று என்று தனித்தனியாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. மீதி இரண்டும் தம் போக்கில் நகரும்.

சவுண்ட் கார்டைப் பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். ரிசீவரிலிருந்து 1500 ஹெர்ட்ஸ் ஒலியாக வரும் சிக்னலில் சவுண்ட் கார்டு 50 பிபிஎம் தப்பாக இருந்தாலும் பிசகு 0.075 ஹெர்ட்ஸ்தான். அதுவும் நிலையான பிசகு; அரை மணி நேரத்தில் நகர்வது அதில் ஒரு சிறு பங்கு. ரிசீவரே இல்லாமல் 384 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் சவுண்ட் கார்டில் ஆன்டெனாவை நேராகக் கொடுத்துக் கேட்பவர்களுக்கு மட்டும்தான் அது பெரிய விஷயம். அப்போது அதே 50 பிபிஎம் 137 கிலோஹெர்ட்ஸில் ஏழு ஹெர்ட்ஸ் ஆகிவிடும்.

வெயிலூரில் ஒரு கிரிஸ்டல்

வேலூரை வெயிலூர் என்று நாம் சும்மா சொல்வதில்லை. சாதாரண ஏடி வெட்டு கிரிஸ்டலின் வெப்ப வளைவு 25 டிகிரியைச் சுற்றிச் சமச்சீராக அமைந்திருக்கும். அங்கிருந்து இரண்டு பக்கமும் வெகுவாகத் தள்ளிப் போனால் வளைவு செங்குத்தாகும். குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதும் ஒருவர் தன் அறை 20 டிகிரியில் நிற்கிறது என்று நினைத்துக் கிரிஸ்டலுக்கு நற்சான்று கொடுப்பார். இங்கே மே மாதம் அறையே 38, டாங்கிளின் உள்ளே அதற்கும் மேல் இருபது டிகிரி. ஏசி ஓடினால் கம்ப்ரெஸர் நின்று நின்று ஓடும் தாளம் அப்படியே வாட்டர்ஃபாலில் ரம்பப் பல்லாக விழும். மற்றவர்கள் கொடுக்கும் அளவுகளை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன். பலர் டாங்கிளைத் தெர்மாகோல் பெட்டியில் வைக்கிறார்கள். டாங்கிளே ஒன்றரை வாட் போலச் சூடு கக்கும். தெர்மாகோல் அதை வெளியே விடாது, உள்ளே வெந்துபோகும். நான் செய்தது வேறு. ஒரு சின்ன மண் பானையில் காய்ந்த ஆற்று மணலை நிரப்பி, டாங்கிளின் உலோக உறையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மணலுக்கு நடுவில் புதைத்தேன். மேலே ஒரு பருத்தித் துணி. மணல் சூட்டைப் பிடித்து வைக்காமல் மெல்லப் பரப்பிப் பானைச் சுவர் வழியாக வெளியே விடுகிறது. அதோடு மணலுக்கு எடை இருப்பதால் காற்று பட்டாலும் உள்ளே வெப்பம் சட்டென்று மாறுவதில்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள பெரிய ஏற்ற இறக்கத்தை இது நிறுத்தாது, ஆனால் ஃபேன், கதவு, ஏசி போன்ற வேகமான ஆட்டங்களை விழுங்கிவிடும். நமக்குத் தேவையானது அரை மணி நேர நிலைப்புதானே. அந்தத் தம்பியின் அப்கன்வெர்ட்டரையே பானைக்குள் வைத்துப் பார்த்தோம். நாற்பது ஹெர்ட்ஸ் ஓடிய இடத்தில் அரை மணி நேரத்துக்கு ஐந்தாறு ஹெர்ட்ஸ் வந்து நின்றது. விஸ்பருக்கு அது போதும். நீண்ட முறைகளுக்குப் போதாது.

டிசிஎக்ஸ்ஓ

வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல் இது. வி3, வி4 டாங்கிள்களில் 1 பிபிஎம் என்று போட்டது உள்ளேயே இருக்கிறது. ஆர்எஸ்பி1ஏ ரிசீவரில் 0.5 பிபிஎம். ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரியும் இந்த வகைதான், கீழ்ப் பட்டைக்கு மிக நல்ல ரிசீவர். ஒரே கடிகார அமைப்பும் டிசிஎக்ஸ்ஓவும் சேர்ந்தால் 137 கிலோஹெர்ட்ஸுக்கு அநேகமாக வேலை முடிந்தது. முன்னே சொன்ன 0.65 பிபிஎம் வரம்புக்குள் அரை மணி நேரம் நிற்பது பானைக்குள் இருக்கும் ஒரு டிசிஎக்ஸ்ஓவுக்குக் கஷ்டமே இல்லை. 475-ல் 0.19 பிபிஎம் என்பதுதான் இழுபறி. அமைதியான இரவில் நிற்கும், மே மாத மதியத்தில் நிற்காது. இன்னொன்று: சில டிசிஎக்ஸ்ஓக்கள் வெப்பத் திருத்தத்தைப் படிப்படியாகச் செய்யும். கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று ஒரு சின்னப் படி இறங்கும். மெல்ல நகரும் சறுக்கலைவிட இந்தப் படி, சிக்னலைப் படிக்கும் மென்பொருளான டிகோடருக்குப் பெரிய தொல்லை.

அப்கன்வெர்ட்டரில் இருக்கும் 125 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரைக் கழற்றிவிட்டு டிசிஎக்ஸ்ஓ போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நகர்வு குறையும், ஆனால் நீண்ட முறைகளுக்கு அது போதாது. அதே காசைச் சேர்த்து வைத்து வேறு ரிசீவர் வாங்குவது மேல்.

ஓசிஎக்ஸ்ஓ

கிரிஸ்டலை ஒரு குட்டி அடுப்பில், பெரும்பாலும் 75 முதல் 85 டிகிரிக்குள், எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருப்பது. நம் வெயில் அதற்குப் பொருட்டே இல்லை. தொலைத்தொடர்புக் கருவிகளிலிருந்து கழற்றியவை ஆன்லைனிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். நல்ல ஒன்று பத்துக் கோடியில் ஒரு பங்கு நிலைப்பு தரும், 137-க்கும் 475-க்கும் அது தாராளம். வெளியிலிருந்து கடிகாரம் கொடுக்க வழியுள்ள ரிசீவர் இருந்தால் கவர்ச்சியான வழிதான்.

எனக்கு இதில் தயக்கம் வருவது மின்சாரத்தால். கரண்ட் போய் வந்தால் அடுப்பு ஆறிவிடும். மறுபடி சூடேறிப் பழைய இடத்துக்குத் திரும்பப் பல மணி நேரம், சிலதற்கு நாள்கணக்கு ஆகும். கோடை மழைக் காற்றில் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும் ஊரில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து கொடுக்கலாம். ஆனால் 12 வோல்ட் ஓசிஎக்ஸ்ஓ, பேட்டரி 11-க்கு இறங்கும்போது தடுமாறும். அதனால் 5 வோல்ட்டில் ஓடும் வகையைத் தேடி வாங்குங்கள்.

பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க அந்தச் சின்ன நீலப் பலகையை, எல்எம்2596 ஐசி போட்ட பக் கன்வெர்ட்டரை, மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். அது 150 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் ஐசி. துண்டுக்குத் துண்டு வேறுபட்டு 137-ன் மேலேயேகூட வந்து உட்காரலாம். ஆஸிலேட்டரைத் திருத்தப் போய்ப் பட்டையையே இரைச்சலால் மூடிவிடும். நானே ஒரு வாரம் இந்த இரைச்சலைக் காட்பாடி ரயில் பாதையின் மின்கம்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். 7805 போன்ற லீனியர் ரெகுலேட்டர் சூடாகும், பரவாயில்லை, ஹீட் சிங்க் போடுங்கள்.

ஜிபிஎஸ்டிஓ

ஜிபிஎஸ்ஸைப் பின்பற்றும் ஆஸிலேட்டர். லியோ பாட்னர் செய்யும் சின்னப் பெட்டியை உலகம் முழுக்க ஹாம்கள் பயன்படுத்துகிறார்கள். வேண்டிய அதிர்வெண்ணையே அதிலிருந்து எடுக்கலாம் என்பது பெரிய வசதி. கரண்ட் போய் வந்தாலும் செயற்கைக்கோள் பிடித்துச் சில நிமிடத்தில் சரியான இடத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே நம் ஊருக்கு ஓசிஎக்ஸ்ஓவைவிட இதை முன்னே வைப்பேன். ஆனால் உங்கள் ரிசீவருக்குக் கடிகாரம் உள்ளே வாங்கும் துளை இருக்க வேண்டும். ஆர்எஸ்பிடிஎக்ஸ் ரிசீவரில் 24 மெகாஹெர்ட்ஸுக்கு இருக்கிறது. இல்லாத டாங்கிளில் நுண்ணிய சால்டரிங் வேலை வேண்டும், கை பழகாதவர்கள் டாங்கிளைப் பறிகொடுக்கக்கூடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. டாங்கிளுக்கு ஜிபிஎஸ்டிஓ கொடுத்து, அதன் முன்னால் பழைய அப்கன்வெர்ட்டரை அப்படியே விட்டுவைத்தால் அப்கன்வெர்ட்டரின் 125 மெகாஹெர்ட்ஸ் பிசகு முழுதாக அப்படியே இருக்கும். சங்கிலியில் பாதியைத் தங்கமாக்கி என்ன செய்ய?

குறிக்கோடு: நான் முதலில் வாங்கச் சொல்வது

அன்றைக்கு வாட்டர்ஃபாலில் நாங்கள் பார்த்த கோட்டுக்கு வருகிறேன். அதைத்தான் குறிக்கோடு என்கிறேன். யூபிளாக்ஸ் நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் டைம்பல்ஸ் கால் வழக்கமாக நொடிக்கு ஒரு துடிப்பு தரும். அந்த நிறுவனத்தின் யூ-சென்டர் மென்பொருளில் அதை 1 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம். சரிபாதி அகலமுள்ள சதுர அலையாக வைத்தால் அதன் ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் வெளிவரும். 137 ஒற்றைப்படை எண். ஆக 137.000 கிலோஹெர்ட்ஸில், அமெச்சூர் பட்டைக்கு நடுவிலேயே, அணுக் கடிகாரத்தைப் பின்பற்றும் ஒரு கோடு உங்களுக்குச் சொந்தமாகக் கிடைக்கிறது. 475-ம் ஒற்றைப்படைதான். விஸ்பருக்கு 136.000-ல் டியூன் செய்திருக்கும்போது இந்தக் கோடு ஒலியில் 1000 ஹெர்ட்ஸில் நிற்கும், விஸ்பர் சிக்னல்கள் வரும் 1400 முதல் 1600 வரையான இடத்துக்குத் தொல்லை தராது. 474.2-ல் டியூன் செய்தால் 800 ஹெர்ட்ஸில் நிற்கும்.

மாட்யூலின் துடிப்பு விளிம்புகள் 21 நானோநொடிப் படிகளில் கொஞ்சம் முன்பின் விழும். 137 கிலோஹெர்ட்ஸின் ஒரு சுற்று 7.3 மைக்ரோநொடி. அதற்கு முன் 21 நானோநொடி ஒன்றுமில்லை.

சில பலகைகளில் டைம்பல்ஸ் காலுக்கு முள் கொடுத்திருக்க மாட்டார்கள், மினுக்கும் எல்இடியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பியைச் சால்டர் செய்து எடுக்க வேண்டும். அந்தக் கம்பியை ஆன்டெனாவில் இணைக்காதீர்கள். நான்கைந்து அங்குலக் கம்பியை ரிசீவரின் ஆன்டெனா வயருக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி விட்டாலே போதும், கோடு தெரியும். அருகில் கொண்டுபோனால் இரண்டிரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு கோடாகப் பட்டை முழுக்கச் சீப்புப் பல் வரிசை மாதிரி நிறைந்துவிடும். ஜிபிஎஸ் ஆன்டெனாவை மாடியில் வானம் தெரியும் இடத்தில் வையுங்கள். மலையடிவாரத் தெருக்களில் குரங்குகள் வயரை இழுக்கும். பைப்புக்குள் விட்டுக் கட்டிவிடுவது நல்லது.

இதை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம், இது முதலில் ஒரு அளவுகோல். ஒரு முழு நாள், காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை, இந்தக் கோட்டை வாட்டர்ஃபாலில் ஓடவிட்டுச் சேமியுங்கள். உங்கள் ரிசீவர் எந்த மணிக்கு எவ்வளவு நகர்கிறது, ஃபேனுக்கா, வெயிலுக்கா, இன்வெர்ட்டர் மாறும்போது யூஎஸ்பி மின்னழுத்தம் ஆடுவதற்கா என்று கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். எதை வாங்க வேண்டும் என்பதற்கான பதில் அந்தப் படத்திலேயே இருக்கும்.

இரண்டாவதாக, அதுவே மருந்தாகவும் ஆகும். ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருள் இப்படி ஒரு தெரிந்த கோட்டைப் பின்தொடர்ந்து, அது நகர்ந்த அளவைக் கழித்து, திருத்திய ஒலியை விர்ச்சுவல் ஆடியோ கேபிள் வழியாக டிகோடருக்கு அனுப்பும். கோடு ஆன்டெனாப் பக்கத்திலேயே உள்ளே நுழைவதால் சிக்னல் கடக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் அதுவும் கடக்கிறது. அப்கன்வெர்ட்டர், டாங்கிள், சவுண்ட் கார்டு, எதில் பிசகு விழுந்தாலும் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் விழும், ஒன்றாகவே கழியும். ஜிபிஎஸ்டிஓவால் செய்ய முடியாததை இந்தச் சில நூறு ரூபாய் செய்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அமைப்பதற்குப் பொறுமை வேண்டும், கம்ப்யூட்டர் இரவெல்லாம் இரண்டு மூன்று மென்பொருளைச் சேர்த்து ஓட்ட வேண்டும். நகர்வு வேகமாக இருந்தால் பின்தொடர்வது தவறிவிடும். அதனால் பானையும் மணலும் இதற்கும் துணை வேண்டும்.

ஜிபிஎஸ் வாங்கக்கூட இப்போது வழியில்லை என்றால் காற்றில் வரும் அடையாளங்கள் சில உண்டு. சீனாவின் BPM என்ற நேர நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் கிடைத்தால் அதை வைத்து ரிசீவரை அளவீடு செய்யலாம். அயனி மண்டலம் அதை அரை ஹெர்ட்ஸ் ஆட்டினாலும் 137-க்கு இறக்கிப் பார்க்கும்போது 0.007 ஹெர்ட்ஸ்தான். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் கேரியர் (அடிப்படை அலை) பலமாக வரும், ஆனால் மீடியம் வேவ் நிலையங்களுக்கு அனுமதிக்கப்பட்ட விலகலே 10 ஹெர்ட்ஸ் என்பதால் உங்கள் ரிசீவர் நகர்கிறதா என்று கவனிக்க மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்புவது, சவுண்ட் கார்டில் நேராகக் கேட்பவர்களுக்கு முதல் பயிற்சிக்கு அருமையான சிக்னல்.

ருபீடியம், கிவி

ருபீடியம் கடிகாரம் பழைய கருவிகளிலிருந்து கிடைக்கிறது. பார்க்க ஆசையாக இருக்கும். நம் தேவைக்குப் பல நூறு மடங்கு அதிகம், நிறையச் சூடாகும், உள்ளே இருக்கும் விளக்குக்கு ஆயுள் உண்டு, மே மாதத்தில் அதன் அடித்தட்டைக் குளிர்விப்பதே ஒரு வேலை. ஜிபிஎஸ் கிடைக்காத இடத்தில் ஈபிநாட் கேட்கப் போகிறவருக்கு மட்டும் சரி.

கிவிஎஸ்டிஆர் என்ற ரிசீவர் வேறு மாதிரி. 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் 14 பிட்டில் நேராகச் சாம்பிள் செய்கிறது, அதனால் தூக்கி இறக்கும் வேலையே இல்லை. உள்ளே ஜிபிஎஸ் இருக்கிறது, அதை வைத்துத் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. நான் இதுவரை சொன்ன எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே பெட்டியில் விடை. விலைதான் மாணவர் ஒருவருக்கு எட்டாது. ஆனால் இதை இணையம் வழியாகப் பலர் ஒரே நேரத்தில் கேட்கலாம். நகரத்து இரைச்சலிலிருந்து விலகி ஏலகிரி பக்கமோ ஜவ்வாது மலையிலோ நல்ல மின்சாரமும் இணையமும் உள்ள ஒரு வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வைத்தால், இந்த மாவட்டங்கள் முழுக்க அதைப் பயன்படுத்தலாம். இது என் உண்மையான ஆசை. யாராவது இடம் தந்தால் கம்பி கட்ட நான் வருகிறேன்.

யாருக்கு எது?

விஸ்பர் மட்டும் கேட்கப் போகிறவர் எதையும் வாங்க வேண்டாம். தனி அப்கன்வெர்ட்டர் இருந்தால் பானைக்குள் வையுங்கள், ஒரே கடிகார டாங்கிள் இருந்தால் அதுவும் தேவையில்லை. 137-ல் அரை மணி நேர முறையைக் கேட்க விரும்புபவர் தனி அப்கன்வெர்ட்டரைக் கைவிட்டு, ஒரே கடிகாரமும் டிசிஎக்ஸ்ஓவும் உள்ள ரிசீவருக்கு மாறுங்கள், அல்லது இருப்பதோடு குறிக்கோட்டுத் திருத்தம் போடுங்கள். 475-ல் நீண்ட முறைகளைக் கேட்கிறவருக்கும், கட்டத்தைப் பிடிக்கும் முறைகளில் இறங்குகிறவருக்கும் ஜிபிஎஸ்டிஓ. கடிகாரத் துளையுள்ள ரிசீவரையும் சேர்த்துத்தான் அதற்குக் கணக்குப் போட வேண்டும். வீட்டில் மின்சாரத்துக்கு நல்ல ஏற்பாடு இருந்து, ஓசிஎக்ஸ்ஓ ஏற்கெனவே கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதிதாக வாங்குவதென்றால் ஜிபிஎஸ் பக்கம் போங்கள். எதிர்முனையில் அனுப்புகிறவரும் இதே அளவு நிலையாக இருந்தால்தான் எல்லாம் பலிக்கும். அது நம் கையில் இல்லை, ஆனால் இந்தப் பட்டைகளில் அனுப்புகிறவர்கள் பொதுவாக இதில் கவனமானவர்கள்.

காலத்தையும் பாருங்கள். மே மாதமும் ஐப்பசியும் இடி மின்னல் இரைச்சலில் கழியும். தை, மாசி இரவுகளில் மின்னல் இரைச்சல் அடங்கும், வெப்பமும் மெல்லத்தான் இறங்கும், கிரிஸ்டலுக்கும் காதுக்கும் ஒருசேர நல்ல நேரம். வாங்குவதையும் அளப்பதையும் கார்த்திகைக்குள் முடித்துவிட்டால் சரியாக இருக்கும்.

அந்தத் தம்பி ஜிபிஎஸ் மாட்யூல் மட்டும் வாங்கினார். குடியாத்தத்தில் அவர் வீட்டுத் தறிக் கொட்டகையின் ஓரத்தில் பானையை வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்ட படத்தைப் போன வாரம் அனுப்பியிருந்தார். மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெரிய வளைவு. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு.